நாளின் வாசகத்தைக் குழுவாகத் தியானிப்பது: நிறுத்துவதா, மாற்றுவதா?

மேட்டுத்தெரு, 10 ஜனவரி 2026

எங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) அன்றாடத் திருப்பலி வாசகங்களைத் தியானிக்க ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. வியாழன்தோறும் ஒரு வீட்டில் கூடுகையும் உண்டு. நடப்பது என்னவென்றால், விடிந்ததும் யாரோ எழுதிய சிந்தனைகளைப் பலர் ஃபார்வர்டு செய்கிறார்கள், விவிலியத்தை யாரும் திறப்பதில்லை. வீட்டுக் கூடுகையில் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். தினமும் குழுவாக என்பதே நடைமுறைக்கு ஒத்துவராது, ஞாயிறு வாசகம் மட்டும் போதும் என்பது என் கட்சி. திங்கள்கிழமை பொதுக்காலம் தொடங்குகிறது. அதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

தென்கரை, 10 ஜனவரி, இரவு

நிறுத்தாதீர்கள். உங்கள் குழுவில் வாசகத்துக்கு முன்பே விளக்கம் வந்துவிடுகிறது. கோளாறு அதுதான். பிறர் எழுதிய சிந்தனையை முதலில் படித்தவருக்கு வாசகத்தில் புதிதாக ஒன்றும் கண்ணில் படாது, அந்தச் சிந்தனை சொன்னதைத்தான் தேடுவார். ஆகவே முதல் விதி: பகிர்வு முடியும்வரை எந்த விளக்கமும் குழுவுக்குள் வரக்கூடாது. நல்ல விளக்கமானாலும், பங்குத்தந்தை எழுதியதானாலும் மாலையில் வரட்டும்.

வீட்டுக் கூடுகைக்கு, விவிலியத்தைச் சேர்ந்து வாசித்துப் பகிரும் ஏழு படி முறையே போதும். தென்னாப்பிரிக்காவின் லும்கோ மேய்ப்புப்பணி நிறுவனத்தில் ஆஸ்வால்டு ஹிர்மர், ஃபிரிட்ஸ் லோபிங்கர் ஆகியோர் குருக்கள் குறைவாக இருந்த சமூகங்களுக்காக வடிவமைத்தது. அன்பியங்களில் பலருக்கும் பெயரளவில் தெரியும். ஆனால் மூன்றாம் படியையும் நான்காம் படியையும் விழுங்கிவிட்டு நேராகப் பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். எட்டுப் பேர் இருந்தால் நேரத்தை இப்படிப் பிரியுங்கள்:

ஆண்டவரை அழைத்தல் 2 நிமிடம். ஒருவர், சொந்தச் சொற்களில். நீளமான பாட்டு வேண்டாம்.
வாசித்தல் 4 நிமிடம். இரண்டு முறை, இரண்டு வேறு ஆட்கள்.
சொற்களில் தங்குதல் 6 நிமிடம். தன்னைத் தொட்ட ஒரு சொல்லையோ சிறு தொடரையோ ஒருவர் மூன்று முறை இடைவெளி விட்டுச் சொல்ல வேண்டும். ஏன் தொட்டது என்று சொல்லக்கூடாது.
அமைதி 3 நிமிடம்.
பகிர்தல் 16 நிமிடம். ஆளுக்கு இரண்டு.
நமக்கு என்ன பணி என்று பேசுதல் 8 நிமிடம்.
செபம் 6 நிமிடம்.

மொத்தம் 45. ஒருநாள் 70 நிமிடம் ஓடினால் அடுத்த வாரம் பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டியவர்கள் வரமாட்டார்கள்.

கிணற்றடி, 11 ஜனவரி

தென்கரை அண்ணன் சொன்ன படிகளில் எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் விளக்கமே கூடாது என்பதை அப்படியே ஏற்க முடியாது. மறைக்கல்வி வகுப்பு எடுப்பவர்களுக்கு இது தெரியும்: பின்னணி இல்லாமல் வாசித்தால், வாசகத்தில் இல்லாததை எல்லாம் உள்ளே ஏற்றிவிடுவார்கள்.

வரும் புதன் 14ஆம் தேதி முதல் வாசகத்தையே பாருங்கள். 1 சாமுவேல் 3:1-10, 19-20. ஏலியின் பராமரிப்பில் இருந்த சிறுவன் சாமுவேலை ஆண்டவர் இரவில் அழைக்கிறார். "பேசும், உம் அடியான் கேட்கிறேன்" என்பதோடு வாசகம் நின்று 19க்குத் தாவிவிடும். நடுவில் விடுபட்ட 11-18இல்தான் ஆண்டவர் என்ன பேசினார் என்பது இருக்கிறது. ஏலியின் பிள்ளைகள் செய்த பாவத்துக்காகவும், தெரிந்தும் அவர் அவர்களை அடக்காததற்காகவும் அந்த வீட்டுக்குத் தண்டனைத் தீர்ப்பு. விடியும்வரை படுத்திருந்த சிறுவன் அதைத் தன்னை வளர்த்தவரிடம் சொல்ல அஞ்சுகிறான். ஏலி வற்புறுத்திக் கேட்டபின் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறான். கேட்ட ஏலி, அவர் ஆண்டவர், தமக்கு நலமெனப் பட்டதைச் செய்யட்டும் என்கிறார். இதை விட்டுவிட்டால் "ஆண்டவர் கூப்பிட்டால் ஆமென் சொல்ல வேண்டும்" என்ற இனிப்பான பகிர்வோடு முடியும். கேட்பது எவ்வளவு பாரமானது என்பது காணாமல் போய்விடும்.

அதனால் அன்றைய பொறுப்பாளர் முந்தின நாளே வாசகத்துக்கு முன் ஒரு அதிகாரம், பின் ஒரு அதிகாரம், நடுவில் விடுபட்ட வசனங்கள் எல்லாவற்றையும் படித்திருக்க வேண்டும்.

தென்கரை, 11 ஜனவரி

கிணற்றடி டீச்சர் சொல்வது நியாயம்தான். அதை எங்கே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். வாசிப்பதற்கு முன்னால், இரண்டே நிமிடம், கதை எங்கே நிற்கிறது என்பது மட்டும். "ஏலி வயதானவர், கண் மங்கியவர், பிள்ளைகள் தறுதலைகள். இப்போது வாசிப்போம்." இவ்வளவுதான். பகிர்வுக்குப் பின்னால் விளக்கம் வைத்தால், அதுவரை பேசியவர்களுக்கெல்லாம் மதிப்பெண் போடுவதுபோல் ஆகிவிடும். அடுத்த முறை வாயே திறக்கமாட்டார்கள். சிஸ்டரோ உபதேசியாரோ கூடுகைக்கு வரும்போது இது இன்னும் மோசம். எல்லாருடைய பார்வையும் அவர்கள் பக்கம் போகும். அவர்களைக் கடைசியில் பேசவைக்காமல், வட்டத்தில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பேசவைத்தால் அந்த இறுக்கம் குறையும். இதை முன்னதாகவே அவர்களிடம் சொல்லிவைப்பது நல்லது.

மேட்டுத்தெரு, 12 ஜனவரி, காலை

இன்றைக்கே குழப்பம். குழுவில் பாதிப் பேருக்கு முதல் வாசகம் எபிரேயர் 1:1-6 என்று இருக்கிறது. பாதிப் பேருக்கு 1 சாமுவேல் 1:1-8. நற்செய்தி மட்டும் எல்லாருக்கும் மாற்கு 1:14-20. எது சரி?

நாள்காட்டி, 12 ஜனவரி

1 சாமுவேல்தான் சரி. எபிரேயர் வைத்திருப்பவர்கள் போன ஆண்டுப் பட்டியலைப் பார்க்கிறார்கள்.

ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி. மூன்றால் வகுபடும் ஆண்டு மூன்றாம் ஆண்டு. 2025 அப்படித்தான். ஆகவே 2026 முதலாம் ஆண்டு, ஞாயிறுகளில் மத்தேயு நற்செய்தி. ஆனால் அது திருவருகைக்காலத்திலேயே, அதாவது 2025 நவம்பர் 30 அன்றே தொடங்கிவிட்டது. வாரநாள் வாசகங்கள் ஈராண்டுச் சுழற்சி. ஒற்றைப்படை ஆண்டு முதலாம் ஆண்டு, இரட்டைப்படை ஆண்டு இரண்டாம் ஆண்டு. மாறுவது முதல் வாசகமும் அதற்கான பதிலுரைப் பாடலும்தான், நற்செய்தி ஆண்டுதோறும் ஒன்றே. அதனால்தான் உங்களில் எல்லாருக்கும் மாற்கு ஒத்துப்போனது. திருவருகை, கிறிஸ்து பிறப்பு, தவக்காலம், பாஸ்கா காலம் ஆகியவற்றின் வாரநாள்களுக்கு இந்த இரட்டைச் சுழற்சியே கிடையாது. ஆகவே நடைமுறையில் பட்டியல் மாறுவது பொதுக்காலத் தொடக்கமான இன்றுதான். ஒவ்வொரு ஜனவரியிலும் இந்தத் திங்கள்கிழமை எங்காவது இந்தக் குழப்பம் வரும்.

ஞாயிறுக்கு "முதலாம் ஆண்டு", வாரநாளுக்கு "இரண்டாம் ஆண்டு" என்று ஒரே நேரத்தில் சொல்ல வேண்டியிருப்பதும் பலரைத் தடுமாறவைக்கும். பொறுப்பாளர் பட்டியலில் ஆண்டு எண்ணைக் குறிக்காமல் அதிகாரம், வசனத்தை மட்டும் போடுங்கள்.

நம் நாட்டு நாள்காட்டியையே பாருங்கள், வெளிநாட்டுத் தளங்களைப் பார்க்காதீர்கள். டிசம்பர் 3 புனித சவேரியார், ஜூலை 3 புனித தோமா இரண்டும் இங்கே பெருவிழா. அவற்றுக்குத் தனி வாசகங்கள். வெளிநாட்டுப் பட்டியல் அவற்றை வேறு தரத்தில் காட்டும். இதே புதன்கிழமை, 14ஆம் தேதி, புனித தேவசகாயம் நினைவு. அவர் 1752இல் இதே நாளில் கொல்லப்பட்டார். பங்கில் அவருக்கான வாசகம் எடுத்தால் டீச்சர் சொன்ன சாமுவேல் வாசகம் அன்று ஒலிக்காது. பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பொங்கலன்று நன்றித் திருப்பலிக்கு வேறு வாசகம் எடுக்கும் பங்குகளும் உண்டு.

அலைவாய், 12 ஜனவரி

வாட்ஸ்அப் பகுதிக்கு நான் சொல்கிறேன். வீட்டுக் கூடுகையின் விதிகள் அங்கே செல்லாது.

வாசகத்தை எழுத்தாகப் போடுங்கள். பூப்போட்ட படமாகப் போட்டால் பெரியவர்களால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடியாது, ஓரம் வெட்டுப்பட்டுப் போகும், பிறகு தேடவும் முடியாது. கூடவே ஒரு குரல் பதிவு, நற்செய்தி மட்டும், இரண்டு நிமிடத்துக்குள். சமையல்கட்டில் நிற்பவர்களும் பேருந்தில் போகிறவர்களும் கேட்பது அதைத்தான். பின்னணி இசை சேர்க்காதீர்கள், காது கேட்பது குறைந்தவர்களுக்குச் சொல் புரியாது. குரல் தினமும் மாறட்டும். வாரத்துக்கு ஏழு பேர், ஞாயிறு மாலையே பட்டியல் போட்டுவிட வேண்டும்.

காலை ஐந்தரைக்கு வாசகம் வந்ததும் அட்மின் மட்டும் எழுதும்படி அமைப்பை மாற்றி, மாலை ஆறு மணிக்குத் திறந்து, ஒன்பதுக்கு மூட வேண்டும். பகல் முழுவதும் திறந்திருந்தால் காலை வணக்கம், பிறந்தநாள், இரத்தம் தேவை, மின்தடை அறிவிப்பு எல்லாம் வந்து வாசகத்தை மேலே தள்ளிவிடும். அறிவிப்புக்கு வேறு குழு வைத்துவிடுங்கள். அதைச் செய்யாமல் இங்கே மட்டும் தடை போட்டால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

ஒருவருக்கு ஒரு பகிர்வு, ஐந்து வரிக்குள். "ஆமென்" என்று தனிச் செய்தி வேண்டாம், அந்தச் செய்தியையே அழுத்திப் பிடித்து ஒரு குறி போட்டால் போதும். முப்பது ஆமென்களுக்கு நடுவில் ஒரு உண்மையான பகிர்வு வந்தால் யார் கண்ணிலும் படாது.

தென்கரை, 13 ஜனவரி

நாள்காட்டி நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கூடுகைகளில் அதிக நேரம் வீணாவது இதனால்தான்: "இன்றைய முதல் வாசகத்துக்கும் நற்செய்திக்கும் என்ன தொடர்பு?" என்று பொறுப்பாளர் கேட்பது. பொதுக்காலத்தின் வாரநாள்களில் அந்த இரண்டுக்கும் திட்டமிட்ட தொடர்பு இல்லை. முதல் வாசகம் ஒரு நூலைத் தொடர்ந்து போகும், நற்செய்தி தன் வழியில் தொடர்ந்து போகும். இரண்டு வண்டி பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் போவதுபோல. பதிலுரைப் பாடல் முதல் வாசகத்துக்கான பதில். ஞாயிறன்று முதல் வாசகம் நற்செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கப்படும், இரண்டாம் வாசகம் தன்பாட்டுக்குப் போகும். இப்போது ஞாயிறுகளில் 1 கொரிந்தியர் ஓடுவது அப்படித்தான்.

தொடர்பு தேடிப் பழகிய குழு எதையாவது இழுத்துக் கட்டும். கடைசியில் எல்லா வாசகமும் "நம்பிக்கை வேண்டும்" என்ற ஒரே வரியில் போய் முட்டும். ஒருநாளைக்கு ஒரு வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எது என்பதைப் பொறுப்பாளர் முந்தின நாளே முடிவுசெய்யட்டும். பழக்கத்தில் எப்போதும் நற்செய்தியைத்தான் எடுப்பார்கள். அது கட்டாயமில்லை. 22ஆம் தேதி வியாழன் உங்கள் கூடுகை நாள். அன்று நற்செய்தி மாற்கு 3:7-12, கூட்டம் திரண்டு வந்ததைச் சொல்லும் சுருக்கப் பகுதி. முதல் வாசகம் 1 சாமுவேல் 18:6-9, 19:1-7. பெண்கள் பாடிய ஒரு பாட்டில் தாவீது கொன்றது பதினாயிரம், தான் கொன்றது ஆயிரம் என்று கேட்ட அரசர் சவுலுக்குப் பொறாமை. அந்த நாள்முதல் அவர் தாவீதை அதே கண்ணோடு பார்க்கிறார். பிறகு யோனத்தான் அப்பாவிடமே தாவீதுக்காகப் பரிந்து பேசுகிறார். வேலையிடம், அண்ணன் தம்பி, பங்குப் பேரவை என்று பேச எல்லாருக்கும் ஏதாவது இருக்கும்.

கிணற்றடி, 14 ஜனவரி

வாசிப்பவர் தயாராவதைப் பற்றி. 1 சாமுவேலின் முதல் வசனமே ஊர்ப் பெயரும், எல்கானாவின் தந்தை, பாட்டன், முப்பாட்டன் பெயர்களுமாக வரும். முன்கூட்டிப் பார்க்காதவர் அங்கேயே தடுமாறுவார், பிறகு வெட்கத்தில் மீதியை வேகமாக ஓட்டிவிடுவார். பட்டியலைப் போட்டதும் வாசகத்தையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். வீட்டில் ஒருமுறை வாய்விட்டு வாசித்தாலே போதும். கண்ணால் மட்டும் படித்துப் பார்ப்பது போதாது.

இரண்டாம் வாசிப்பை இளையவர் ஒருவரிடம் கொடுங்கள். மூன்றாம் படிக்குச் சொல் பெரும்பாலும் இரண்டாம் வாசிப்பில்தான் அகப்படும். முதல் வாசிப்பில் காது கதையைத்தான் பிடிக்கும்.

மேட்டுத்தெரு, 17 ஜனவரி

பொங்கலால் இந்த வாரம் கூடுகை இல்லை. வாட்ஸ்அப்பில் அலைவாய் சொன்னபடி மாற்றிவிட்டோம். நேற்று மாற்கு 2:1-12, முடக்குவாதமுற்றவரை நால்வர் தூக்கி வந்த பகுதி. "அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு" என்பதில் படுத்திருந்தவர் மட்டும் அல்ல, தூக்கியவர்களும் அடக்கம் என்று ஒரு அம்மா எழுதினார். யாரும் ஃபார்வர்டு செய்யாத வரி. இப்படி எழுதுபவர்களை மேலும் எழுதவைப்பது எப்படி?

தென்கரை, 17 ஜனவரி

பாராட்டைக் குழுவில் கொட்டாதீர்கள். மற்றவர்கள் தங்களுடையது மட்டம் என்று எண்ணி நிறுத்திவிடுவார்கள். அவருக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள், அடுத்த வாரம் குரல் பதிவுக்கு அவரைக் கேளுங்கள்.

பனைவிளை, 20 ஜனவரி

நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கர் அல்ல. குழுவில் ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் வாசிக்கும் திட்டம். இங்கே பேசுவது பெரிதும் பொருந்துகிறது, ஆனால் எங்களுக்கு அளவுதான் சிக்கல். 66 புத்தகங்களில் 1189 அதிகாரம். தினமும் மூன்று வாசித்தால் 365 நாளில் 1095தான் முடியும், 94 மிச்சம். வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் 939, 260, மொத்தம் 1199. அதாவது முடிந்து பத்து அதிகாரம் இடைவெளியும் கிடைக்கும். கணக்கு சரியாக வந்தாலும் பிப்ரவரியில் லேவியராகமத்தில் வண்டி நின்றுவிடுகிறது. விட்ட நாள்களை ஒரே இரவில் முடிக்கப் பார்த்து மொத்தமாக விட்டுவிடுகிறார்கள்.

தென்கரை, 20 ஜனவரி

விட்டதை விட்டுவிட்டு இன்றைய அதிகாரத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதை முதல் நாளே விதியாகச் சொல்லிவிட வேண்டும், ஐயா. பாக்கி என்ற எண்ணம்தான் ஆளைத் துரத்துகிறது. மூன்று அதிகாரத்தையும் குழுவாகத் தியானிக்க முடியாது. மூன்றை வீட்டில் வாசித்து, அதில் பத்துப் பதினைந்து வசனத்தை மட்டும் குழுவுக்கு எடுங்கள். லேவியராகமத்தில் 19ஆம் அதிகாரம் குழுவுக்கு நன்றாக நிற்கும்: வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடுவது, கூலியை விடியுமட்டும் வைத்திருக்காமல் கொடுப்பது, 18ஆம் வசனத்தில் பிறனிடத்தில் அன்பு.

ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842இல் டண்டீயில் தம் சபைக்குப் போட்ட அட்டவணை பழைய ஏற்பாட்டை ஒருமுறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதத்தையும் இருமுறையும் ஓராண்டில் முடிக்கும். நாளுக்குச் சுமார் நான்கு அதிகாரம், இரண்டு குடும்பத்தோடு, இரண்டு தனியாக. பிரித்த விதத்தைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் கூட்டமாக வாசிக்க அவரே சொல்லவில்லை.

நாள்காட்டி, 21 ஜனவரி

இரு சபையினரும் சேர்ந்து அன்றாடத் திருப்பலி வாசகத்தை எடுத்தால் சில நாள்கள் முன்னெச்சரிக்கை தேவை. பிப்ரவரி 6 வெள்ளி முதல் வாசகம் சீராக்கின் ஞானம் 47:2-11. தவக்காலம் முதல் வார வியாழன், பிப்ரவரி 26, எஸ்தர் நூலின் கிரேக்கப் பகுதியிலுள்ள மன்றாட்டு. இரண்டும் 66 புத்தகம் மட்டும் உள்ள பழைய வேதாகமப் பதிப்பு வைத்திருப்பவர்களின் கையில் இருக்காது. திருவிவிலியத்தில் இணைத்திருமுறைப் பகுதியில், அதாவது அந்த 66க்கு வெளியே உள்ளவற்றில், கிடைக்கும். அன்று நற்செய்தியை எடுத்துக்கொண்டால் யாரும் வெறுங்கையோடு உட்கார வேண்டாம்.

திருப்பாடல் வசன எண்ணும் தகராறு செய்யும். அமெரிக்கத் திருப்பலிப் பட்டியலில் 51:3-4 என்று இருப்பது நம் திருவிவிலியத்தில் 51:1-2. அங்கே தலைப்பு வரிகளையும் வசனமாக எண்ணுகிறார்கள். மலாக்கி 3:19-20 என்று கண்டால் நம்மிடம் 4:1-2.

கிணற்றடி, 23 ஜனவரி

நாளைய நற்செய்தி மாற்கு 3:20-21. இரண்டே வசனம், ஆண்டிலேயே இதுதான் சிறியது. குரல் பதிவு போடுபவர் பாதியில் நின்றுவிட்டதாக நினைப்பார்கள். இயேசு மதிமயங்கி இருக்கிறார் என்று பேசிக்கொண்டதால் அவருடைய உறவினர் அவரைப் பிடித்துக்கொண்டுவரச் செல்கிறார்கள். அத்தோடு முடிகிறது.

மாற்கு ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி, நடுவில் இன்னொன்றை வைத்து, பிறகு முதலாவதை முடிப்பார். வீட்டார் கிளம்புவது 20-21. எருசலேமிலிருந்து வந்த மறைநூல் அறிஞர், பெயல்செபூல் பிடித்திருக்கிறது என்று குற்றம் சாட்டுவது 22-30. வீட்டார் வந்து வெளியே நிற்பது 31-35. இந்த மூன்று துண்டும் சனி, திங்கள், செவ்வாய் என்று பிரிந்துவிடுகின்றன, நடுவில் ஞாயிறு வேறு. செவ்வாயன்று "யார் என் தாய்?" என்ற கேள்வியை மட்டும் தனியாக வாசிப்பவர்களுக்கு அது கடுமையாகவே படும். அந்த மூன்று நாளுக்கும் ஒரே பொறுப்பாளரைப் போடுங்கள். நாளை 20-35 முழுவதையும் வாசிக்கட்டும், தியானிப்பது அந்த இரண்டு வசனத்தை மட்டும். "நம்முடைய நல்லதுக்கு" என்று வீட்டார் தடுத்தது, நாம் தடுத்தது, இதைவிடப் பகிர எளிதான பகுதி கிடைக்காது.

நாள்காட்டி, 23 ஜனவரி

டீச்சர், சிறியது இது ஒன்று மட்டும் அல்ல. திருநீற்றுப் புதனுக்குப் பின்வரும் வெள்ளி மத்தேயு 9:14-15, பொதுக்காலம் 27ஆம் வாரச் சனி லூக்கா 11:27-28. அவையும் இரண்டிரண்டு வசனம்தான். மூன்று துண்டுக்கும் ஒரே ஆள் என்பது நல்ல யோசனை. ஆனால் திங்கள் 26ஆம் தேதி புனிதர்கள் திமொத்தேயு, தீத்து நினைவு. முதல் வாசகம் அவர்களுக்கானது, சாமுவேல் தொடர் அன்று அறுபடும். நற்செய்தி மாறாது.

மேட்டுத்தெரு, 24 ஜனவரி

வியாழன் கூடுகையில் ஏழு படியும் செய்தோம். சவுலின் பொறாமை. மூன்றாம் படியில் சொல்லைச் சொன்னதுமே ஒருவர் விளக்கத் தொடங்கினார், நிறுத்தச் சங்கடமாக இருந்தது. பகிர்வில் ஒரு அக்கா மாமியார் வீட்டுப் பிரச்சினையைச் சொன்னார். உடனே மூன்று பேர் அறிவுரை. அவர் அப்படியே அடங்கிவிட்டார்.

தென்கரை, 24 ஜனவரி

விளக்குபவரை நிறுத்த வேண்டாம், தொடங்கும் முன்பே படியின் விதியை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். "சொல் மட்டும், காரணம் ஐந்தாம் படியில்." பழகியவர்களுக்கும் சொல்ல வேண்டும். மீறினால் "அண்ணே, அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லுக்குத் திரும்பிவிடுவார்.

அறிவுரைதான் குழுவை உடைக்கும். பகிர்வு "எனக்கு", "நான்" என்று இருக்க வேண்டும். "நாம்", "மனிதர்கள்", "இன்றைய இளைஞர்கள்" என்று தொடங்கினால் அது மறையுரை. இன்னொருவர் சொன்னதற்குப் பதில் சொல்லக்கூடாது, ஆறுதல்கூடக் கூடாது. ஒருவர் முடித்ததும் நாலைந்து நொடி சும்மா இருந்துவிட்டு அடுத்தவர். ஆறுதல் சொல்ல ஏழாம் படி இருக்கிறது. அந்த அக்காவுக்காக ஒருவர் செபித்தால் அது அறிவுரையைவிட ஆழமாகப் போகும்.

கிணற்றடி, 25 ஜனவரி

அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும். அன்பியம் என்பது அக்கம்பக்கத்து வீடுகள். ஒருவர் சொன்னது மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பேசப்பட்டால் அந்தக் குடும்பம் மறுபடி வராது. செபத்திலும் கவனம் தேவை: "இன்ன வீட்டு அக்காவின் மாமியார் மனம் மாற" என்று பெயர் சொல்லிச் செபித்தால் அதுவும் ஊருக்கு அறிவித்த மாதிரிதான்.

இன்னொன்று, சாப்பாடு. முதல் வீட்டில் டீ, அடுத்த வீட்டில் கேசரி, அதற்கடுத்த வீட்டில் டிபன் என்று ஏறும். பிறகு வசதியில்லாத வீட்டார் தங்கள் முறையைத் தள்ளிப்போடுவார்கள், கடைசியில் வருவதையே நிறுத்துவார்கள். தண்ணீர் மட்டும் என்று அன்பியத்தின் முடிவாக எழுதிவையுங்கள். வீட்டுக்காரர் விருப்பம் என்று விட்டால் நிற்காது.

அலைவாய், 28 ஜனவரி

வெள்ளிக்கிழமை முதல் வாசகம் 2 சாமுவேல் 11, தாவீது அரசர் உரியாவின் மனைவி பத்சேபாவை வரவழைத்து, பிறகு உரியாவைப் போரில் சாகவைக்கும் பகுதி. வாட்ஸ்அப் குழுவில் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நற்செய்திக்கு மாறிவிடலாமா?

கிணற்றடி, 28 ஜனவரி

முழுவதுமாக மாற வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வாட்ஸ்அப்பில் மாற்கு 4:26-34, தானாக முளைக்கும் விதையும் கடுகு விதையும் போகட்டும். பெரியவர்கள் தனியாகக் கூடுவதானால் சாமுவேலை எடுங்கள். 1-17க்குள் 11, 12ஆம் வசனங்கள் விடுபடுகின்றன. உரியா ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்பதற்கு அவரே சொன்ன பதில் அங்கேதான் இருக்கிறது. உடன்படிக்கைப் பேழையும் படையும் கூடாரத்தில் இருக்கும்போது தான் மட்டும் வீட்டில் உண்டு, குடித்து, மனைவியோடு இருப்பதா என்கிறார். அதுவும் யாரிடம்? போர்க்காலத்தில் அரண்மனையில் இருந்துகொண்டு அதையெல்லாம் செய்த அரசரிடம். அந்தப் பதில் இல்லாமல் வாசித்தால் உரியா வெறும் பலியாள். அந்தப் பதிலோடு வாசித்தால் அந்த அறையில் நேர்மையாக நின்ற ஒரே ஆள், அதுவும் இத்தியர், வேற்றினத்தார்.

பத்சேபாவைப் பற்றி யாராவது குறைசொல்லத் தொடங்கினால் பொறுப்பாளர் வசனத்தைக் காட்ட வேண்டும். ஆளனுப்பி வரவழைத்தவர் அரசர். வட்டத்தில் இப்படி ஒன்றை அனுபவித்தவர் இருக்கலாம். அதனால் இந்த வாசகத்தில் யாரையும் முறைவைத்துப் பேசச் சொல்லாதீர்கள், விரும்புகிறவர் மட்டும் பேசட்டும்.

நாள்காட்டி, 29 ஜனவரி

வெள்ளியும் சனியும் பதிலுரைப் பாடல் திருப்பாடல் 51. சனியன்று இறைவாக்கினர் நாத்தான் தாவீதைக் கண்டிக்க வருகிறார், 2 சாமுவேல் 12:1-7, 10-17. திருப்பாடல் 51இன் தலைப்பிலேயே நாத்தான் வந்த இந்தச் சந்தர்ப்பம் குறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நாளையும் பாடலோடு சேர்த்து ஒன்றாக எடுங்கள். செபப் படியில் பாடலின் பல்லவியையே எல்லாரும் திரும்பச் சொன்னால், சொந்தமாகச் செபிக்கக் கூச்சப்படுபவர்களுக்கும் வாய் திறக்கும்.

தென்கரை, 8 பிப்ரவரி

ஆறாம் படியைப் பற்றி யோசித்தேன். தினக் கூடுகைக்கு அதைக் கட்டாயமாக்க வேண்டாம். நாள்தோறும் ஒரு பணி தீர்மானித்தால் எதுவும் நடக்காது, அடுத்த கூடுகையில் போனதைக் கேட்கவும் மறந்துவிடும். தினமும் கூடுபவர்கள் ஐந்து படியோடு 20 நிமிடத்தில் முடித்துக்கொள்ளட்டும். ஆறாவதை வியாழனுக்கு வையுங்கள். அதிலும் ஒரே பணி, யார், எப்போது என்று பெயரோடு. "நோயாளிகளைச் சந்திப்போம்" என்பது பணியே அல்ல. "சனி மாலை நான்கு மணிக்கு, மூன்றாம் தெருவில் படுத்திருக்கும் பாட்டியை, இந்த இருவர்" என்பது பணி. அடுத்த வியாழன் ஆறாம் படி அதைக் கேட்பதில் தொடங்க வேண்டும்.

மேட்டுத்தெரு, 15 பிப்ரவரி

நிறுத்துவதில்லை என்று முடிவுசெய்தோம். அமைதிப் படிதான் இன்னும் வரவில்லை. ஒரு நிமிடத்திலேயே யாராவது இருமுகிறார்கள், யாராவது பாட்டைத் தொடங்கிவிடுகிறார்கள். புதன்கிழமை தவக்காலம் வேறு தொடங்குகிறது, அதற்கு ஏதாவது மாற்ற வேண்டுமா?

தென்கரை, 15 பிப்ரவரி

எவ்வளவு நேரம் என்று தெரியாததால்தான் தவிப்பு. "மூன்று நிமிடம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கைப்பேசி அலாரம் வேண்டாம், அது அடித்ததும் எல்லாரும் பதறுவார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும்படி உட்கார்ந்து, முடிந்ததும் வாசகத்தின் ஒரு வரியை மெல்ல வாசித்து அமைதியை முடியுங்கள். மின்விசிறி ஓடட்டும், டி.வி. ஒலியைக் குறைத்தால் போதாது, அணைத்துவிட வேண்டும். முதல் வாரம் ஒரு நிமிடம், பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றலாம்.

நாள்காட்டி, 16 பிப்ரவரி

தவக்காலத்தில் ஒரு பெரிய மாற்றம் உண்டு. பொதுக்காலத்துக்குச் சொன்ன "தொடர்பு தேடாதீர்கள்" என்பது இங்கே பொருந்தாது. தவக்கால வாரநாள்களில் இரு வாசகமும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக எடுக்கப்பட்டவை. வெள்ளி 20ஆம் தேதி எசாயா 58:1-9, உண்மையான நோன்பு எது என்பது. நற்செய்தி நான் முன்பு குறிப்பிட்ட மத்தேயு 9:14-15, உம் சீடர் ஏன் நோன்பிருப்பதில்லை என்ற கேள்வி. திங்கள் 23 லேவியர் 19, மத்தேயு 25:31-46. புதன் 25 யோனா 3, லூக்கா 11:29-32. இந்த நாள்களில் இரண்டையும் வாசியுங்கள். நேரம் போதாவிட்டால் இரண்டாம் வாசிப்பை நற்செய்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பனைவிளை, 16 பிப்ரவரி

எசாயா 58 வெள்ளிக்கு எங்கள் குழுவும் சேர்ந்துகொள்ளலாமா? பத்துப் பேர் வருவோம்.

மேட்டுத்தெரு, 16 பிப்ரவரி

தாராளமாக வாருங்கள், ஐயா. ஒரே வட்டம் வேண்டாம், இருபது பேருக்கு மேல் ஆகிவிடும், பாதிப் பேருக்குப் பேச முறை வராது. முன்னறையில் ஒன்று, மாடியில் ஒன்று, இரண்டிலும் இரு சபையாரும் கலந்து. முதல் வாசிப்பு திருவிவிலியத்தில், இரண்டாவது உங்கள் வேதாகமத்தில். மாடி வட்டத்துக்கு உங்கள் பக்கத்திலிருந்து ஒரு பொறுப்பாளர் வேண்டும். புதனுக்குள் பெயர் சொன்னால் எசாயா 57ஐயும் 58ஐயும் படித்துவரச் சொல்லிவிடுகிறேன்.